பாய்லர் பேனலில் வெளி சென்சாரும் கன்ட்ரோலும் சேர்ப்பது எப்படி

சாயப்பட்டறையில் ஓடும் ஒரு ஸ்டீம் பாய்லரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 2 டன் ஸ்டீம், மூன்று பாஸ் (சூடான வாயு பாய்லருக்குள் மூன்று முறை ஓடும் வகை), டீசலோ கேஸோ எரிக்கிற பர்னர், வேலை அழுத்தம் சதுர செ.மீ.க்கு 10.54 கிலோ (இனி வெறும் கிலோ என்றே சொல்கிறேன்). பாய்லரோடு பேனலும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் கொஞ்ச நாள் ஓடியதும் புதுத் தேவைகள் வரும்: ஹெடர் (ஸ்டீம் பிரிந்து போகும் பொதுக் குழாய்) பிரஷர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும், ஃபீட் டேங்க் தண்ணீர் எத்தனை டிகிரி, புகைபோக்கி எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டும், மெஷின் ஹாலில் இருந்தே பர்னரை நிறுத்த ஒரு பட்டன் வேண்டும், கேஸ் லீக் டிடெக்டர் அலறினால் தானாக நிற்க வேண்டும். இதையெல்லாம் பேனலுக்குள் கொண்டுவரப் போகிற எலெக்ட்ரீஷியனுக்கும் மெயின்டனன்ஸ் ஆட்களுக்கும் எழுதுகிறேன். உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டிய வேலை இது, அதில் தள்ளுபடியே கிடையாது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் எந்தக் கன்ட்ரோலும் பர்னரை "ஓடு" என்று கேட்கலாம், "நில்" என்று கட்டளையே போடலாம், ஆனால் பாய்லரின் சொந்த இன்டர்லாக்கை (ஆபத்து வந்தால் பர்னரை நிறுத்தும் பாதுகாப்பு கான்டாக்ட் வரிசை) தாண்டி பர்னரை ஓட வைக்க அதற்கு வழியே இருக்கக் கூடாது. இன்னொன்று, நீங்கள் இழுக்கிற எந்த ஒயர் அறுந்தாலும் பர்னர் நிற்க வேண்டும். கீழே சொல்லும் அத்தனையும் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

ஒயரைத் தொடும் முன்

பேனல் டிராயிங்கை எடுத்து, அதில் இருப்பதும் பேனலுக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று டெர்மினல் டெர்மினலாகப் பாருங்கள். நாலைந்து வருஷம் ஓடிய பேனலில் டிராயிங்கில் இல்லாத லூப் ஒயர் ஒன்றிரண்டு இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏதோ ஒரு ராத்திரி ஷிப்டில் சுவிட்ச் கெட்டுப்போக, துணி மெஷினுக்குள் நிற்கிறது என்ற அவசரத்தில் ஷார்ட் பண்ணி ஓட்டியிருப்பார்கள், அது அப்படியே நிலைத்திருக்கும். அதைக் கண்டுபிடித்து எடுக்காமல் உங்கள் வேலையைத் தொடங்காதீர்கள். இன்டர்லாக் லைனில் ஒரு சுவிட்ச் ஷார்ட் ஆகியிருக்கிறது என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்றே அர்த்தம், மேலே எத்தனை சென்சார் போட்டாலும் அதை ஈடுகட்டாது.

மெயின் ஐசோலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு சாவியை உங்கள் பையில் வையுங்கள். ஆஃப் செய்த பிறகும் பேனலில் வேறு இடத்திலிருந்து சப்ளை வந்துகொண்டிருக்கலாம், யூபிஎஸ், ஃபயர் அலாரம் பேனல், மெஷின் ஹால் பேனல் என்று. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு டெர்மினல் வரிசையையும் எர்த்துக்குப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1923 முதல் இருந்த பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அனுமதி இல்லாமல் பாய்லரில் மாற்றமோ சேர்ப்போ செய்யக்கூடாது என்பது அப்படியேதான் இருக்கிறது. அதனால் ஷெல்லிலோ ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) கீழ் வரும் ஸ்டீம் லைனிலோ சென்சாருக்காகப் புதிதாக ஓட்டை போட்டு ஸ்டப் (குட்டைக் குழாய் முனை) வெல்டு பண்ணும் யோசனையே வேண்டாம். தேவை என்றால் மாநில பாய்லர் துறையின் எழுத்துபூர்வ அனுமதியோடு, அங்கீகாரம் பெற்ற வெல்டரை வைத்துச் செய்ய வேண்டியது அது. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிற கேஜ் லைனிலோ காலியாக விட்டிருக்கும் ஸ்டப்பிலோ வேலை முடிந்துவிடும்.

இன்டர்லாக் லைன்

இதுதான் உயிர்நாடி, இங்கே கொஞ்சம் நின்று பேசலாம். தண்ணீர் குறைந்தால், பிரஷர் எல்லை தாண்டினால், புகைபோக்கி வெப்பம் எகிறினால், கேஸ் அழுத்தம் விழுந்தால் திறக்க வேண்டிய கான்டாக்ட்கள் எல்லாம் ஒரே வரிசையில், சீரிஸாக, பர்னர் கன்ட்ரோலரின் ஸ்டார்ட் லைனில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் சேர்க்கப் போகிற எமர்ஜென்சி ஸ்டாப், கேஸ் டிடெக்டர் ரிலே, மெஷின் ஹால் பட்டன் எல்லாமே இதே வரிசையில்தான் சேர வேண்டும். பி.எல்.சி.க்குள் (புரோகிராம் போட்டு ஓட்டும் கன்ட்ரோலர்) ஒரு இன்புட்டாகக் கொடுத்து, புரோகிராமில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பி.எல்.சி.க்குத் தகவலுக்காக இன்னொரு கான்டாக்ட் கொடுங்கள், நிறுத்துகிற வேலையை ஒயரே செய்யட்டும்.

என்.ஓ. (சாதாரண நிலையில் திறந்த கான்டாக்ட்), என்.சி. (சாதாரண நிலையில் மூடிய கான்டாக்ட்) விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். சுவிட்ச் மேல் எழுதியிருக்கும் என்.சி. என்பது அது பெட்டியில் இருந்து வெளியே எடுத்தபோது உள்ள நிலை. அதாவது பிரஷர் பூஜ்யம், ஃப்ளோட் தொங்கிக்கொண்டிருக்கிறது, காற்று இல்லை. நமக்கு வேண்டியது அதுவல்ல, பாய்லர் நல்லபடியாக ஓடும்போது மூடியிருக்கும் கான்டாக்ட். ஹை பிரஷர் சுவிட்சுக்கு இரண்டும் ஒன்றுதான்: அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும், எல்லை தாண்டினால் திறக்கும், எனவே என்.சி. சரி. ஆனால் லோ வாட்டர் ஃப்ளோட் சுவிட்சை மேஜையில் வைத்தால் அது தண்ணீர் இல்லாத நிலை, அங்கே என்.சி. போட்டீர்கள் என்றால் தண்ணீர் வற்றும்போது பர்னர் ஓடும், தண்ணீர் நிறைந்திருக்கும்போது நிற்கும். அதற்கு என்.ஓ.தான் வேண்டும். கேஸ் லோ பிரஷர் சுவிட்ச், ஏர் பிரஷர் சுவிட்ச் இரண்டும் அப்படியே. குழப்பம் வந்தால் லேபிளை மறந்துவிட்டு மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, ஃப்ளோட்டைக் கையால் தூக்கி, இறக்கிப் பாருங்கள். தூக்கினால் கத்த வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

ஏர் பிரஷர் சுவிட்சை எக்காரணம் கொண்டும் லூப் போடாதீர்கள். பெரும்பாலான பர்னர் சீக்வென்ஸ் கன்ட்ரோலர்கள் ஃபேன் ஓடும் முன் அந்தக் கான்டாக்ட் திறந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே ஸ்டார்ட் எடுக்கும். பர்னர் ஸ்டார்ட்டே ஆகவில்லை, கன்ட்ரோலர் போய்விட்டது என்று புதுசு வாங்குகிற இடங்களில் பல நேரம் அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, சுவிட்ச் எந்தப் பக்கம் என்பது. கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரின் 110 வோல்ட் பக்கத்தில் ஒரு முனை எர்த் ஆகியிருக்க வேண்டும், அது நியூட்ரல். எல்லா சுவிட்சும் லைவ் பக்கத்தில் வர வேண்டும், கான்டாக்டர் காயிலின் மறுமுனை நேராக நியூட்ரலுக்குப் போக வேண்டும். மாற்றி, ஒரே ஒரு சுவிட்சைக் காயிலுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த ஒயர் சூட்டில் இன்சுலேஷன் போய் பாய்லர் பாடியில் பட்டது என்றால் காயிலுக்கு எர்த் வழியாகவே நியூட்ரல் கிடைத்துவிடும், சுவிட்ச் திறந்தாலும் கான்டாக்டர் விடாது. லைவ் பக்கத்தில் இருந்திருந்தால் அதே பழுதில் ஃபியூஸ் போயிருக்கும், பர்னர் நின்றிருக்கும். ஒரே பழுது, ஒயர் போன பக்கத்தைப் பொறுத்து விளைவு தலைகீழ்.

ஹை பிரஷரும் லோ-லோ வாட்டரும் (தண்ணீர் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததும் வரும் ட்ரிப்) மேனுவல் ரீசெட்டாகவே இருக்கட்டும். "ஆபீஸில் இருந்தே ரீசெட் பண்ண ஒரு பட்டன் கொடுங்க" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் நின்ற பாய்லரை, கேஜ் கிளாஸைக் கண்ணால் பார்க்காத ஒருவர் திரும்ப ஓட்டுவது பெரிய ஆபத்து.

ரிமோட் ஸ்டாப் பட்டன் பர்னரின் மெயின் சப்ளையைத் துண்டிக்க வேண்டாம், கன்ட்ரோல் லைனைத் திறந்தால் போதும். அப்போது எரிபொருள் வால்வு உடனே மூடும், ஃபேன் தன் போஸ்ட் பர்ஜை (மிச்ச வாயுவை ஊதித் தள்ளுவது) முடித்துவிட்டு நிற்கும். பாய்லர் அறை வாசலில் இருக்கும் எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும் மொத்தத்தையும் வெட்டட்டும்.

விறகு எரிக்கிற பாய்லர் என்றால் கதை வேறு, நம் பக்கம் அதுதான் அதிகமும் கூட. அங்கே ட்ரிப் ஆனால் எஃப்.டி. (காற்றை உள்ளே தள்ளும்), ஐ.டி. (புகையை இழுக்கும்) ஃபேன்களும் விறகு ஊட்டும் கன்வேயரும் நிற்கும், ஆனால் கிரேட்டில் எரிகிற நெருப்பு உடனே அணையாது. அதனால் லோ-லோவுக்கு நன்றாக மேலேயே ஒரு அலாரம் லெவல் வைத்து, ஹூட்டரை ஆள் இருக்கும் இடத்தில் கொடுங்கள்.

தண்ணீர் மட்டம்

கட்டுப்படுத்துகிற லெவல் சென்சாரும் காப்பாற்றுகிற லெவல் சென்சாரும் தனித்தனியாக இருக்க வேண்டும், முடிந்தால் டேப்பிங்கும் (பாய்லரிலிருந்து எடுக்கும் குழாய் இணைப்பு) தனி. ஃபீட் பம்பை ஓட்டி நிறுத்துகிற ஃப்ளோட்டே லோ-லோ ட்ரிப்பையும் பார்த்தால், ஃப்ளோட் மாட்டிக்கொண்ட அன்று இரண்டும் சேர்ந்தே போகும்.

எலெக்ட்ரோடு வகை என்றால் அதன் ரிலேயிலிருந்து வருவது குறைந்த வோல்ட் ஏ.சி., டி.சி. கொடுத்தால் எலெக்ட்ரோடு அரித்துவிடும். எனவே ரிலேயை மாற்றும்போது கையில் கிடைத்ததைப் போடாதீர்கள். எலெக்ட்ரோடின் வெள்ளை டெஃப்லான் இன்சுலேட்டர் மீது உப்புப் படிந்து பாடியோடு பாலம் போட்டுவிட்டால், தண்ணீர் இல்லாமலேயே தண்ணீர் இருக்கிறது என்று ரிலே சொல்லும். இதுதான் இந்த வகையின் ஆபத்தான பழுது. எலெக்ட்ரோடைக் கழற்றி இன்சுலேட்டரைச் சுத்தம் செய்வதை ஒயரிங் வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். காமன் ஒயர் பாய்லர் பாடிக்கு நேராக, சுத்தமாகச் சுரண்டிய இடத்தில், தனி போல்ட்டில் வர வேண்டும்.

இந்த இடங்களில் சாதாரண பி.வி.சி. ஒயர் தாங்காது. அது 70 டிகிரி வரைக்குமான பொருள். ஷெல்லுக்குப் பக்கத்திலும் பர்னர் முன் கதவிலும் சிலிக்கான் அல்லது டெஃப்லான் ஒயரைப் போட்டு, ஒரு மீட்டர் தள்ளி சூடில்லாத இடத்தில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, அங்கிருந்து சாதாரணக் கேபிளுக்கு மாறுங்கள்.

பிரஷர் டிரான்ஸ்மிட்டர்

0 முதல் 16 கிலோ வரை உள்ள, 4–20 மில்லி ஆம்பியர் கொடுக்கிற, இரண்டு ஒயர் டிரான்ஸ்மிட்டர் இந்தப் பாய்லருக்குப் போதும். ஸ்டீம் நேராக அதன் முகத்தில் அடிக்கக் கூடாது, நடுவில் சைஃபன் குழாய் வேண்டும், அதில் முதலிலேயே தண்ணீர் நிரப்பி மாட்டுங்கள். டிரான்ஸ்மிட்டரைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கிறோம் என்று டேப்பிங்கில் இருந்து 3 மீட்டர் கீழே இறக்கினால், குழாயில் நிற்கும் தண்ணீரின் எடையால் எப்போதும் 0.3 கிலோ அதிகமாகக் காட்டும். கன்ட்ரோலரில் அதைக் கழித்துவிடுங்கள்.

ஒயரிங் இப்படி: 24 வோல்ட் பிளஸ் டிரான்ஸ்மிட்டரின் பிளஸுக்கு, டிரான்ஸ்மிட்டரின் மைனஸ் கன்ட்ரோலர் இன்புட்டின் பிளஸுக்கு, இன்புட்டின் மைனஸ் சப்ளை மைனஸுக்கு. ஆனால் சில கன்ட்ரோலர்கள் இன்புட் டெர்மினலிலேயே 24 வோல்ட்டைத் தாமே கொடுக்கும், அதில் நீங்கள் தனியாக ஒரு பவர் சப்ளையையும் சேர்த்தால் கார்டு போகும். ஒயரை மாட்டும் முன் அந்த இரண்டு டெர்மினலிலும் வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

அதே சிக்னல் ஆபீஸ் டிஸ்ப்ளேக்கும் வேண்டும் என்றால் இரண்டையும் சீரிஸாகப் போட வேண்டும், பேரலலாகப் போட்டால் கரண்ட் பிரிந்து இரண்டும் தப்பாகக் காட்டும். எத்தனை கருவி தாங்கும் என்பது எளிய கணக்கு. 250 ஓம் இன்புட் ஒவ்வொன்றும் 20 மில்லி ஆம்பியரில் 5 வோல்ட்டைத் தின்னும். டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் தேவை என்று அதன் தாளில் போட்டிருந்தால், 24-இல் மிச்சம் 12. இரண்டு கருவி தாங்கும், மூன்றாவது தாங்காது. தாங்காத லூப் குறைந்த பிரஷரில் ஒழுங்காகவே காட்டும், பிரஷர் ஏற ஏறத்தான் ஒரு இடத்தில் நின்றுபோகும், அதனால் பூஜ்யத்தில் சோதித்தால் தெரியவே தெரியாது. மூன்றாவது வேண்டும் என்றால் சிக்னல் ஐசோலேட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

இப்போது மிக முக்கியமான செட்டிங். ஒயர் அறுந்தால் கரண்ட் பூஜ்யம். கன்ட்ரோலர் அதைப் பூஜ்ய பிரஷர் என்று நம்பினால் என்ன செய்யும்? ஸ்டீமே இல்லை என்று பர்னரை ஹை ஃபயருக்குக் கொண்டுபோகும். அறுந்த ஒரு ஒயர் பாய்லரை முழு நெருப்பில் ஓட்டும். அதனால் 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் சென்சார் பழுது என்று எடுத்துக்கொண்டு பர்னரை நிறுத்தும்படி கன்ட்ரோலரில் செட் பண்ணுங்கள். பிறகு பர்னர் லோ ஃபயரில் இருக்கும்போது டெர்மினலில் ஒரு ஒயரைக் கழற்றி, உண்மையிலேயே நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 0–10 வோல்ட் சிக்னலில் அறுந்த ஒயரும் பூஜ்யமும் ஒன்றுபோலவே இருக்கும், பாய்லர் பிரஷருக்கு நான் அதைப் பயன்படுத்தவே மாட்டேன்.

இது எல்லாம் ஓட்டுவதற்கான சென்சார். ஹை லிமிட் பிரஷர் சுவிட்ச் தனியாக, மெக்கானிக்கலாக, இன்டர்லாக் லைனில் இருக்கத்தான் வேண்டும். உதாரணத்துக்கு 10.54 கிலோ பாய்லரில் 8-இல் பர்னர் எடுத்து 9.5-இல் விடட்டும், ஹை லிமிட் 10-இல் ட்ரிப் ஆகட்டும், சேஃப்டி வால்வு அதற்கும் மேலே கடைசிக் காவல்.

வெப்ப சென்சார்கள்

ஃபீட் டேங்குக்கு பி.டி.100 (வெப்பத்துக்கு ஏற்ப ஓம் மாறும் சென்சார்), மூன்று ஒயர். இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை என்று வரும், இரண்டு சிவப்புக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம், சிவப்புக்கும் வெள்ளைக்கும் 80 டிகிரியில் சுமார் 131 ஓம். மூன்றாவது ஒயர் எதற்கு என்று இரண்டை முறுக்கி ஒன்றாகக் கொண்டுவந்துவிட்டால், கேபிளின் ஒவ்வொரு ஓமுக்கும் இரண்டரை டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டும். மூன்று கோரும் பேனல் வரை தனித்தனியாக வரட்டும்.

புகைபோக்கிக்கு கே டைப் தெர்மோகப்பிள். இதற்குத் தாமிர ஒயர் போடக் கூடாது, கே டைப்புக்கான காம்பன்சேட்டிங் கேபிள்தான். தெர்மோகப்பிள் தலை 70 டிகிரியில், பேனல் 40 டிகிரியில் இருந்தால், தாமிர ஒயரில் அந்த 30 டிகிரி அப்படியே குறைந்து தெரியும், புகைபோக்கி வெப்பத்தை நம்பிச் செய்யும் முடிவு எல்லாம் தப்பாகும். நிறம் இன்னொரு தலைவலி. அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஐ.இ.சி. முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் பிளஸில் சொருகும் பழக்கம் இங்கே ஆகாது. சந்தேகம் என்றால் காந்தத்தைக் காட்டுங்கள், கே டைப்பில் காந்தம் ஒட்டுகிற கம்பி மைனஸ்.

கேபிள் போகும் வழி

சிக்னல் கேபிள் முறுக்கிய ஷீல்டு கேபிளாக இருக்கட்டும், 0.5 முதல் 1 சதுர மி.மீ. ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்து, சென்சார் பக்கம் வெட்டி டேப் சுற்றி விடுங்கள். இரண்டு பக்கமும் எர்த் செய்தால் ஷீல்டிலேயே கரண்ட் ஓடி ரீடிங் ஆடும். ஃபேனுக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருக்கிறது என்றால் அதன் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் சிக்னல் கேபிளைப் படுக்க வைக்காதீர்கள், குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். ஃப்ளேம் சென்சார் ஒயரை இக்னிஷன் டிரான்ஸ்ஃபார்மரின் ஹை டென்ஷன் கேபிளிலிருந்து விலக்கித் தனிக் குழாயில் கொண்டுபோங்கள்.

பி.எல்.சி.யிலிருந்து வரும் அவுட்புட்டை நேராகப் பர்னர் டெர்மினலில் கொடுக்காமல் நடுவில் 24 வோல்ட் ரிலே ஒன்று வையுங்கள், காயில் மேல் ஃப்ளைபேக் டயோடு. பர்னர் கேட்பது பொட்டன்ஷியல் ஃப்ரீ கான்டாக்ட் என்றால் அதில் வெளி வோல்ட் எதுவும் போகக் கூடாது. கம்ப்யூட்டருக்கு ஆர்.எஸ்.485 என்ற டேட்டா லைன் வழியாகத் தகவல் எடுத்தால் கருவிக்குக் கருவி வரிசையாகப் போங்கள், கிளை விடாதீர்கள், இரு கடைசியிலும் 120 ஓம். அந்த வழியில் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், எழுத வேண்டாம்.

ஒயர் முனைக்கு எல்லாம் லக், எல்லா ஒயருக்கும் ஃபெரூல் நம்பர். இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அவசரத்தில் முதலில் விடுபடுவது இதுதான்.

சப்ளை கொடுத்த பிறகு

மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போடுவது என்றால் கன்ட்ரோலர், டிரான்ஸ்மிட்டர், ரிலே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கேபிளை மட்டும் சோதியுங்கள். பிறகு லூப் கேலிபிரேட்டரால் 4, 12, 20 மில்லி ஆம்பியர் கொடுத்து, 0, 8, 16 கிலோ என்று எல்லா டிஸ்ப்ளேயிலும் வருகிறதா பாருங்கள்.

ட்ரிப்களை ஒவ்வொன்றாக, நிஜமாகவே வரவழைத்துப் பார்க்க வேண்டும். லோ வாட்டருக்கு ஃபீட் பம்பை நிறுத்தி, பர்னர் லோ ஃபயரில் ஓடும்போது ப்ளோ டவுன் வால்வை மெதுவாகத் திறந்து மட்டத்தை இறக்குங்கள். ஒருவர் கண் கேஜ் கிளாஸை விட்டு விலகாமல் இருக்க வேண்டும், கிளாஸில் தண்ணீர் மறையும் முன் ட்ரிப் ஆகவில்லை என்றால் கையால் பர்னரை நிறுத்திவிட்டுப் பழுதைத் தேடுங்கள். ஹை லிமிட்டுக்கு பிரஷரை ஏற்ற வேண்டியதில்லை, சுவிட்சின் செட்டிங்கை ஓடுகிற பிரஷருக்குக் கீழே இறக்கினால் போதும், முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து சீல் வையுங்கள். ஃப்ளேம் ஃபெயிலியருக்கு போட்டோ செல்லை வெளியே எடுத்துக் கையால் மூடுங்கள், வால்வு மூடி லாக் அவுட் ஆக வேண்டும். கேஸ் டிடெக்டருக்கு டெஸ்ட் கேஸ் காட்டுங்கள், பட்டனை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் இதே சோதனைகளை பாய்லர் அட்டெண்டன்டின் கையால், நீங்கள் பக்கத்தில் நிற்க, எல்லா ஷிப்ட் ஆட்களையும் ஒருமுறை செய்ய வையுங்கள். நீங்கள் போன பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு ஹூட்டர் அடிக்கும்போது பேனல் முன் நிற்கப் போவது அவர்கள்தான். திருத்திய டிராயிங்கில் தேதி போட்டு ஒரு பிரதியைப் பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டி, எந்த சுவிட்ச் எந்த அளவில் ட்ரிப் ஆனது என்ற தாளையும் அதன் கீழேயே ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.